கெட்டுப்போக இதுல என்னண்ணே இருக்கு?

“எஞ்சின் இல்ல, கிளட்ச் இல்ல, சைலன்சர் இல்ல. கெட்டுப்போக இதுல என்னண்ணே இருக்கு?” பேட்டரியில் ஓடும் டர்ட் பைக்கை, அதாவது மண்ணிலும் மணலிலும் ஓட்டும் வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தால், ராமநாதபுரம் கரையில் உச்சிப்புளியானாலும் கீழக்கரையானாலும் நம் பக்கத்துத் தம்பிகள் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உப்புக் காற்று இரும்பைத் தின்னும் ஊர் இது. கேட், ஜன்னல் கம்பி, சைக்கிள் ரிம் எல்லாம் செதில் செதிலாக உதிர்வதைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு, பாகம் குறைந்த வண்டி என்றால் கெடுவதும் குறைவு என்று தோன்றும். ஆனால் இந்தக் கருத்தை எப்படித் திருப்பி வைத்தாலும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. பாகம் குறைவு என்பது உண்மை. மிச்சமிருக்கும் பாகங்கள் எதற்கு அஞ்சுகின்றன என்பதுதான் யாரும் கேட்காத கேள்வி.

பெட்ரோலா பேட்டரியா என்று ஒப்பிட்டு வரும் வீடியோக்களில் பெரும்பாலானவை செம்மண் மேட்டிலும் மலைப்பாதையிலும் ஓட்டிப் பார்த்துச் சொல்லும் தீர்ப்புகள். அங்கே அது சரியாகவும் இருக்கலாம். நம் கரையில் காலை வாரும் மணல், ராத்திரியிலும் ஈரம் காயாத உப்பு, வண்டி கழுவக் கிடைக்காத நல்ல தண்ணி என்று மூன்று விஷயங்கள் சேர்ந்து நிற்கின்றன. இந்த மூன்றையும் வைத்துப் பார்க்கும்போது விடை வேறு மாதிரி வருகிறது.

இரண்டு கடல், இரண்டு மணல்

ராமேஸ்வரத்துக்காரர்கள் வடக்கே பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வது அலையை வைத்து. வண்டி ஓட்டுபவருக்கு அது தரையைப் பற்றிய தகவலும்கூட. தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி வரை வடகரையில் அலை குறைவு, வண்டல் படியும். மேலே காய்ந்த பொருக்கு, கீழே சேறு. மனிதன் நடந்தால் தாங்கும், வண்டி ஏறினால் பொருக்கு உடைந்து முன்சக்கரம் அச்சு வரை இறங்கும். தென்கரையில் சேதுக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் பருமணல், அதன் பின்னால் மணல்மேடு, பனை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேல்மணல் காய்ந்து பறந்து, பொடிபோலத் தளர்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அதே இடம் இறுகிவிடும். மார்கழியில் ஓட்டிப் பார்த்து வாங்கிய வண்டி ஆடியில் ஏமாற்றுவதற்குக் காரணம் இதுதான்.

எந்த வண்டியானாலும் முதலில் டயர் காற்று. சாலையில் 22 முதல் 25 பி.எஸ்.ஐ. வைப்பவர்கள் தளர்மணலில் 12 முதல் 14 வரை இறக்க வேண்டும். டயர் தட்டையாகி அகன்றால் மணல் மேல் மிதக்கும். 10-க்குக் கீழே போனால் ரிம்முக்குள் டயர் நழுவி, டியூபின் வால்வு வேரோடு பிய்ந்து வரும். அதைத் தடுக்க, டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் மாட்டுவார்கள். நம் பக்கத்தில் இன்னொரு எதிரி சீமைக் கருவேல முள். விரல் நீளத்துக்கு இருக்கும் காய்ந்த முள் சாதாரண டியூபை ஒரே குத்தில் முடித்துவிடும். கனமான டியூப், அதற்குள் சீலண்ட், கையில் ஒரு காற்றடிக்கும் பம்ப், இரண்டு டயர் லிவர் என்ற செலவை வண்டி விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். இதில் பெட்ரோலுக்கும் பேட்டரிக்கும் வித்தியாசம் கிடையாது.

மணல் போடும் கணக்கு

வித்தியாசம் தொடங்குவது இங்கே. தார்ச்சாலையில் சக்கரம் உருள்வதற்கு எதிராக நிற்கும் தடை, வண்டியும் ஆளும் சேர்ந்த எடையில் நூற்றில் இரண்டு பங்கு இருக்கும். தளர்மணலில் அது நூற்றில் இருபது, சில இடங்களில் முப்பது. ஆளும் வண்டியும் சேர்ந்து 195 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அல்ட்ராவயலெட் நிறுவனம் 2025 மார்ச்சில் அறிவித்த ஷாக்வேவ் என்ற பேட்டரி வண்டி 120 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ என்றால் இந்த எடைதான் வரும். நூற்றில் இருபது என்றால் ஏறக்குறைய 380 நியூட்டன் விசை. அந்த விசையோடு ஒரு கிலோமீட்டர் தள்ள 106 வாட் அவர் சக்தி சக்கரத்தில் வேண்டும் (ஆயிரம் வாட் அவர், அதாவது ஒரு கிலோவாட் அவர், ஒரு யூனிட் மின்சாரம்). மோட்டாரும், அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரும் சூடாகி வீணாக்குவதைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 130 வாட் அவருக்கு மேல் போகும். அந்த வண்டியில் இருப்பது 4 கிலோவாட் அவர் பேட்டரி. அடிவரை துடைக்காமல் 3.6 கிலோவாட் அவரைச் செலவழித்தால் வருவது சுமார் 27 கிலோமீட்டர். அரசு சோதனை முறைப்படி நிறுவனம் சொல்லும் தூரம் 165 கிலோமீட்டர். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அந்தச் சோதனையில் மணல் கிடையாது, அவ்வளவுதான். எந்த நிறுவனத்தின் பேட்டரி வண்டியானாலும் ஏறக்குறைய இப்படித்தான் இறங்கும்.

இப்போது பெட்ரோல். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 மாதிரி 160 கிலோ வண்டியை எடுத்துக்கொண்டால் ஆளோடு சேர்த்து 235 கிலோ. கனம் கூடுதல் என்பதால் மணலில் கிலோமீட்டருக்கு 128 வாட் அவர் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 கிலோவாட் அவர் சக்தி இருக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் எஞ்சின் சக்கரத்துக்குக் கொடுக்கும், மீதியெல்லாம் சூடு. ஆக லிட்டருக்கு 14 கிலோமீட்டர். சாலையில் 38, 40 கொடுத்த வண்டி 14-க்கு இறங்குவது பெரிய இழப்புதான். ஆனால் பேட்டரி வண்டி ஆறில் ஒரு பங்குக்கு இறங்கியபோது இது மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிட்டது. ஏன்?

இந்த இடம்தான் பலருக்குப் புரியாமல் போகிறது. பெட்ரோல் எஞ்சின் சாலையில் சும்மா போகும்போது படுமோசமாகத்தான் வேலை செய்கிறது. பாதி மூடிய திராட்டிலோடு, குறைந்த பாரத்தில், எரிபொருளை வீணடித்துக்கொண்டே ஓடும். மணலில் பாரம் ஏறியதும் அதன் திறன் கூடுகிறது. மோட்டாரோ சாலையில் ஏற்கெனவே மிகத் திறமையாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஏற இடமில்லை. மணலில் மெதுவான வேகம், அதிக இழுவை என்ற நிலையில் அது கீழேதான் இறங்கும். சாலையில் எது அதன் பெருமையோ அதுவே மணலில் அதைக் காட்டிக்கொடுக்கிறது. பெட்ரோல் வண்டியின் 13 லிட்டர் டேங்க் மணலிலேயே 180 கிலோமீட்டர் வரும் என்பதும், தீர்ந்தால் பாட்டிலில் வாங்கி ஊற்றலாம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

செலவைப் பார்த்தால் நேர்மாறு. 4 கிலோவாட் அவர் பேட்டரியை நிரப்ப, சார்ஜர் இழப்போடு நாலரை யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் 36 ரூபாய். மணல் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள் முடிந்துவிடும். பெட்ரோலை 100 ரூபாய் என்று வட்டமாக வைத்தாலே கிலோமீட்டருக்கு 7 ரூபாய். தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தோப்புக்குள்ளும் கரையிலும் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வருபவருக்கு இது பெரிய தொகை.

சூடு

பெட்ரோல் வண்டியில் மணலில் முதலில் சாவது கிளட்ச் பிளேட். முதல் கியரில் அரைக் கிளட்ச்சில் உறுமிக்கொண்டே இழுப்பவர்கள் ஒரே நாளில் கருக்கிவிடுவார்கள். இரண்டாம் கியரில் கிளம்பி, எழுந்து நின்று, உடல் எடையைப் பின்னுக்குத் தள்ளி, கிளட்ச்சை முழுக்க விட்டுவிட வேண்டும். ஓட்டத்தை விடாமல் போனால் மணல் தடுக்காது. முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால் பாதி வேலை முடிந்தது. எஞ்சின் சூடானால் வாசனை வரும், சத்தம் மாறும், கிளட்ச் கையில் தளரும். நிறுத்தச் சொல்லி வண்டியே கேட்கும்.

பேட்டரி வண்டியில் அந்தக் கேட்டல் இல்லை. பூஜ்யத்திலிருந்தே முழு இழுவை இருப்பதால் மணலில் கிளம்புவது உண்மையிலேயே சுகம். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. ஆனால் மெதுவான வேகத்தில் முழு இழுவை என்றால் மோட்டாருக்குள் பாயும் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் செப்புச் சுருளில் சூடு நான்கு மடங்கு. பத்துப் பதினைந்து நிமிடம் தளர்மணலில் உழன்றால் கன்ட்ரோலர் தன்னைக் காத்துக்கொள்ள பவரைக் குறைத்துவிடும். சரியாக மேட்டின் நடுவில் குறைக்கும். அப்போது திராட்டிலை இன்னும் முறுக்கினால் பின்சக்கரம் குழி தோண்டும். புதைந்த வண்டியை எடுக்க வழி ஒன்றுதான்: பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்து, குழியில் மணலைத் தள்ளி மூடி, நிமிர்த்தி, இறங்கி நின்று கூடவே நடந்து மெல்லக் கொடுப்பது. 160 கிலோவைச் சாய்த்து நிமிர்த்துவதற்கும், சர்ரான் லைட் பீ போன்ற 60 கிலோகூட வராத பேட்டரி வண்டியைத் தூக்கி வைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை வெயிலில் ஒருமுறை செய்தவர் மறக்க மாட்டார். பேட்டரி வண்டியை அப்படிச் சாய்க்கும் முன் சாவியை அணைக்க வேண்டும். சத்தமே இல்லாததால் அது உயிரோடிருப்பது தெரியாது. கை தவறி திராட்டில் பட்டால் பாய்ந்துவிடும்.

ஓட்டி முடித்ததும் சார்ஜில் போடுவதும் தவறு. லித்தியம் செல்களைச் சுமார் 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது, பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட் நல்லதாக இருந்தால் தானே மறுத்துவிடும். சித்திரை வெயிலில் மணலில் ஓடி வந்த பேட்டரி நிழலில் ஒரு மணி நேரமாவது ஆற வேண்டும்.

உப்பு ஜாடி

இனி அந்தக் கேள்விக்கு வரலாம்: கெட்டுப்போக என்ன இருக்கிறது?

பெட்ரோல் வண்டியில் உப்பு தின்னும் இடங்கள் கண்ணுக்குத் தெரிபவை. சைலன்சர் வளைவின் அடிப்பக்கம், ஸ்போக் நிப்பிள், செயின், பிரேக் கேலிபர் பிஸ்டன், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் பேரிங். இவை துருப்பிடிக்கும், இறுகும், கிரீச்சிடும், மாதக்கணக்கில் எச்சரிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரே பெரிய ஆபத்து ஏர் ஃபில்டர் வழியாகப் போகும் நுண்மணல். ஃபோம் ஃபில்டரை ஒவ்வொரு மணல் ஓட்டத்துக்குப் பின்னும் கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, ஃபில்டர் ஆயிலில் ஊறவைத்து, முறுக்காமல் பிழிந்து, விளிம்பில் கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். ஃபில்டருக்குப் பின்னால் உள்ள ரப்பர் குழாயின் உட்சுவரை விரலால் தடவிப் பார்த்தால் போதும். விரலில் நறநறப்பு இருந்தால் மணல் ஏற்கெனவே சிலிண்டருக்குள் போய்விட்டது. ரிங் தேயும், ஆயில் குடிக்கும், நீலப் புகை வரும். பேட்டரி வண்டிக்கு இந்தத் தொல்லை முழுக்க இல்லை. இந்த ஒன்றுக்காகவே அதை வாங்கலாம் என்று சொல்பவர்களை மறுக்க முடியாது.

ஆனால் பேட்டரி வண்டியில் உப்பு போகும் இடமே வேறு. அது தேடிப் போவது இணைப்புகளை: சார்ஜிங் போர்ட்டின் பின்கள், மோட்டாரின் மூன்று தடித்த வயர்கள் சேரும் முனை, மோட்டார் சுழலும் நிலையைச் சொல்லும் ஹால் சென்சாரின் கனெக்டர், திராட்டில் வயர். செம்பில் களிம்பு ஏறுவது நமக்குத் தெரிந்த விஷயம். இங்கே களிம்போடு மின்சாரமும் சேர்ந்துகொள்கிறது. உப்பு ஈரம் பாலமாக நிற்க, இரண்டு முனைகளுக்கும் இடையே டி.சி. மின்னழுத்தம் இருந்தால், நேர்முனை உலோகம் கரைந்து ஈரத்துக்குள் போகும். முலாம் பூசும் பட்டறையில் வேண்டுமென்றே செய்யும் அதே வேலை, கனெக்டருக்குள் சத்தமில்லாமல் நடக்கும். பெட்ரோல் வண்டியின் 12 வோல்ட்டிலும் இது உண்டு. 60, 70 வோல்ட் பேட்டரியில், இணைப்பைக் கழற்றாமல் நிறுத்திவைக்கும் ஒவ்வொரு நாளும் உண்டு.

“கடல் தண்ணீரில் இறக்கமாட்டேன், கரையோரம்தான் ஓட்டுவேன்” என்பவர்கள் வீட்டுச் சமையலறை உப்பு ஜாடியை நினைத்துப் பார்க்க வேண்டும். மூடியைத் திறந்து வைத்தால் காலையில் கசிந்து நிற்கும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் இருப்பது இதுதான். நம் கரையில் காற்றின் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். ஆக வண்டி மேல் படிந்த உப்பு காய்வதே இல்லை. பகலில் காய்ந்ததுபோல வெள்ளையாகத் தெரியும், ராத்திரி மறுபடி ஈரமாகி வேலையைத் தொடரும். அரிப்பை ஆராய காரைக்குடி சிக்ரி நிறுவனம் உலோகத் தகடுகளை வெட்டவெளியில் வைத்துப் பார்க்க மண்டபத்தைத் தேர்ந்தது சும்மா இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தின் கான்கிரீட்டுக்குள்ளேயே துருப்பிடிக்காத கம்பி வைத்திருக்கிறார்கள். ஒரு வண்டிக் கனெக்டரின் ரப்பர் வளையம் எம்மாத்திரம்?

“தண்ணி புகாதுன்னு ஐ.பி. 67 தரம் போட்டிருக்கே” என்பார்கள். அந்தச் சோதனை ஒரு மீட்டர் ஆழம், அரை மணி நேரம், நல்ல தண்ணீர், புதிய பேட்டரி. நம் நிலைமை வேறு. மணலில் உழன்று 50 டிகிரிக்கு ஏறிய பேட்டரிப் பெட்டியை 28 டிகிரி கடல் நீரில் இறக்கினால், உள்ளே அடைபட்ட காற்று சுருங்கும். அழுத்தம் கிட்டத்தட்ட 7 சதவீதம் இறங்கும். அது 70 சென்டிமீட்டர் நீர்மட்டத்தின் அழுத்தத்துக்குச் சமம். அழுத்தத்தைச் சமப்படுத்தத்தான் பெட்டியில் ஒரு சிறு சுவாசத் துளையும் சவ்வும் வைக்கிறார்கள். அந்தச் சவ்வின் மேல் உப்புப் பொருக்கு படிந்திருந்தால் காற்று உள்ளே போக வழியில்லாமல், பழைய ரப்பர் வளையத்தின் ஓரமாகப் பெட்டி கடல் நீரைக் குடிக்கும். முழங்கால் ஆழம்கூட வேண்டாம். வண்டி நனைவதைவிட சூடாக நனைவதுதான் அதைக் கொல்கிறது. ஓடைக் கழிமுகத்தைத் தாண்ட வேண்டியிருந்தால், இக்கரையில் அரை மணி ஆற வைத்துவிட்டுத் தாண்டுவது பேட்டரி விலையைக் காப்பாற்றும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கடல் நீர் உள்ளே போன லித்தியம் பேட்டரி அன்றே எரிய வேண்டும் என்பதில்லை. 2022-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவை இயன் புயல் தாக்கியபோது, கடல் நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, தண்ணீர் வடிந்து நாட்கள் கழிந்த பின் தீப்பிடித்தன. மூழ்கிய பேட்டரியைச் சார்ஜில் போடக் கூடாது, வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, ஓலைக் கொட்டகை பக்கம் வைக்கக் கூடாது. வெட்டவெளியில், பதினைந்து மீட்டராவது தள்ளி வைத்துவிட்டு நிறுவன ஆளை அழைக்க வேண்டும்.

நல்ல தண்ணி

உப்புக்கு மருந்து ஒன்றுதான், கழுவுவது. இந்த இடத்தில்தான் என் கணக்கே திரும்பியது. பெட்ரோலா பேட்டரியா என்று பேசும் யாரும் எந்தத் தண்ணீரில் கழுவப் போகிறோம் என்று கேட்பதில்லை. நம் மாவட்டத்தில் பல ஊர்களில் போர்த் தண்ணீரே உவர். சமையலுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீரும், லாரித் தண்ணீரும், ஊற்றில் அகப்பையால் மொண்ட தண்ணீரும். குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்து வாங்கும் நல்ல தண்ணியை வண்டிக்கு ஊற்ற எந்த வீட்டில் மனம் வரும்? அதனால் போர்த் தண்ணீரை அடிக்கிறார்கள். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர். வண்டி பளபளக்கும், காய்ந்ததும் புதிய உப்புப் படலம் நிற்கும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை வாங்கி முதலில் தண்ணீரை அளக்க வேண்டும். கடல் நீரில் லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் உப்பு. குடிநீருக்கு 500 நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்று இந்தியத் தர அளவு சொல்கிறது. போர்த் தண்ணீர் 2,000-க்கு மேல் காட்டினால் மணலையும் சேற்றையும் அகற்ற மட்டும் அதைப் பயன்படுத்தி, கடைசி அலசலுக்கு நல்ல தண்ணி வைக்க வேண்டும். ஏ.சி. இருக்கும் வீட்டில் வெளியே சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்தால், கடலோர ஈரக் காற்றுக்கு ஒரே இரவில் பல லிட்டர் சேரும். கிட்டத்தட்ட உப்பே இல்லாத தண்ணீர் அது. கடைசி அலசலுக்கு அதைவிட நல்லது இல்லை. மழைத் தண்ணீரும் அப்படியே.

பெட்ரோல் வண்டியைச் சரியாகக் கழுவ மூன்று குடமாவது வேண்டும். எஞ்சின் இடுக்கு, சிலிண்டர் துடுப்பு, சைலன்சர் பின்புறம், ஆயில் கூலர் என்று உப்பு ஒளிய இடங்கள் ஏராளம். பேட்டரி வண்டிக்கு ஒரு குடம் போதும். ஊற்றிக் கழுவுவதைவிட நனைத்த துணியால் துடைத்து, துணியை அலசி மறுபடி துடைப்பதே அதற்கு நல்லது. இரண்டுக்கும் பிரஷர் வாஷர் ஆகாது. அது உப்பைப் பேரிங்குக்குள்ளும் கனெக்டருக்குள்ளும் திணித்துவிடும். வண்டி ஆறிய பிறகுதான் தண்ணீர் பட வேண்டும். காய்ந்த பின் கனெக்டர்களைக் கழற்றி கான்டாக்ட் கிளீனர் அடித்து, சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகத் தடவி மாட்டலாம். மாதம் ஒருமுறை போதும். சார்ஜிங் போர்ட்டை மட்டும் ஒவ்வொரு முறையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பச்சை தெரிந்தால் அன்று சார்ஜ் கிடையாது. செயினுக்கு ஒட்டும் ஸ்பிரே அடித்தால் மணல் ஒட்டி உப்புத்தாள்போல அறுக்கும். கியர் ஆயிலைத் துணியில் நனைத்துத் துடைத்து, மிச்சத்தையும் துடைத்து எடுத்துவிட வேண்டும். அடிப்பாகத்தில் பழைய எஞ்சின் ஆயில் பூசும் வழக்கம் நம் பக்கம் உண்டு. லாரி சேசிஸுக்குச் சரி. டர்ட் பைக்கில் அது ரப்பரை ஊதவைக்கும், பிரேக் டிஸ்க்கில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆக, குடம் வைத்துத் தண்ணீர் பிடிக்கும் வீட்டுக்குப் பேட்டரி வண்டியே பொருத்தம் என்று வருகிறது. கெட்டுப்போக ஒன்றுமில்லை என்பதற்காக அல்ல, உப்பை அகற்ற ஒரு குடம் போதும் என்பதற்காக. ஆனால் அந்த ஒரு குடத்தை ஒருநாளும் தவறவிடாதவராக இருக்க வேண்டும். சோம்பலைப் பெட்ரோல் வண்டி மன்னிக்கும், பேட்டரி வண்டி மன்னிக்காது.

யார் கழற்றுவது?

கேலிபர் இறுகினால் ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ எந்த மெக்கானிக் கடையிலும் கழற்றித் தேய்த்துக் கொடுப்பார்கள். கிளட்ச் பிளேட், செயின் செட், ஸ்போக் எல்லாம் மதுரை பஸ்ஸில் மறுநாள் வந்துவிடும். கன்ட்ரோலரில் களிம்பு ஏறினால் கடைக்காரர் கையை விரிப்பார். அது அவர் குறையில்லை. மூடி ஒட்டிய பெட்டியை அவர் திறக்கவே கூடாது. அது போக வேண்டிய இடம் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர். பேட்டரியையே மாற்ற வேண்டி வந்தால் வண்டி விலையில் பெரும்பங்கு போய்விடும். வாரண்டித் தாளில் “கடல் நீர்”, “மூழ்குதல்”, “அரிப்பு” ஆகிய சொற்கள் எங்கே வருகின்றன என்று பணம் கொடுக்கும் முன் படித்துவிடுவது நல்லது.

பதிவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கவாசாகி கே.எக்ஸ். வரிசை, சர்ரான் போன்ற பதிவில்லாத வண்டிகள் பெட்ரோலானாலும் பேட்டரியானாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு அடிகூட ஓடக் கூடாது. மினி லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். மணல்மேடுகளும் ஆமை முட்டையிடும் கரைகளும் கடலோர ஒழுங்குமுறை விதிகளில் முதல் வகைப் பாதுகாப்பில் இருக்கின்றன. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) கரையேறும் காலம். அலைக்கு மேலே உள்ள காய்ந்த மணலில், ஒரு முழ ஆழத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள் இருக்கும். மேலே ஒரு சக்கரம் போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சத்தமில்லாத வண்டி என்பதால் பேட்டரி வண்டிக்கு அங்கே தனி அனுமதி எதுவும் கிடையாது. சொந்தத் தோப்பு, அனுமதி பெற்ற தரிசு, பனங்காட்டுப் பாதை என்று ஓட்ட நம் பக்கம் இடத்துக்குப் பஞ்சமில்லை.

வாங்கும் முன்

என் தீர்ப்பு இது. வீட்டிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டருக்குள் மணல், மொத்த ஓட்டம் இருபதுக்குள், ராத்திரி நிறுத்த மூடிய இடம், ஒரு குடம் நல்ல தண்ணி, தினமும் துடைக்கும் பழக்கம் என்று எல்லாம் இருந்தால் பேட்டரி வண்டி. பிள்ளைகள் பழகுவதற்கும் அதுவே. ராமநாதபுரத்திலிருந்து கிளம்பி சாயல்குடி வரை கரையோரமாகப் போய் வர நினைப்பவருக்கும், வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்துபவருக்கும் பதிவுள்ள, காற்றிலோ ஆயிலிலோ குளிரும் 200 சிசி பெட்ரோல் வண்டி. ரேடியேட்டர் உள்ள வண்டியை நம் வடகரைச் சேற்றுக்கு நான் சொல்லமாட்டேன். துடுப்புகளுக்கிடையே உப்புச் சேறு காய்ந்து அடைத்தால் எடுப்பது கஷ்டம்.

பழைய வண்டி வாங்குவதானால், பெட்ரோலில் ரப்பர் குழாயை விரலால் தடவுவது, ஸ்போக் நிப்பிளைச் சாவியால் திருகிப் பார்ப்பது, இந்த இரண்டும் போதும். நிப்பிள் அசையாமல் உடைந்தால் அந்தச் சக்கரம் கடலைப் பார்த்த சக்கரம். பேட்டரியில் சார்ஜிங் போர்ட்டைப் பார்ப்பதோடு, வண்டியின் மொபைல் செயலியில் செல் வரிசைகளின் வோல்ட்டைக் காட்டச் சொல்ல வேண்டும். அதிகத்துக்கும் குறைவுக்கும் 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விலகிவிடலாம். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது வெட்டி வெட்டி இழுத்தால் ஹால் சென்சார் இணைப்பில் உப்பு.

புதிய பேட்டரி வண்டியானால் ஷோரூம் வாசலில் தார்ச்சாலையில் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. ஆனி, ஆடியில், கச்சான் மணல் தளர்ந்து கிடக்கும்போது, டயரை 13 பி.எஸ்.ஐ.க்கு இறக்கி, 80 சதவீதச் சார்ஜில் கிளம்பி, தோப்பு மணலில் சரியாக இரண்டு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். எத்தனை சதவீதம் இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். 6 இறங்கியிருந்தால் கிலோமீட்டருக்கு 3. நூற்றில் பத்தை ஒதுக்கிவிட்டு மிச்சம் 90-ஐ 3-ஆல் வகுத்தால் 30 கிலோமீட்டர். அதிலும் பாதிதான் உங்கள் எல்லை, ஏனென்றால் திரும்பியும் வர வேண்டும்.